சிறு ரண சிகிச்சையும் சீழ்ப்பற்றைத் தடுக்கும் வழிகளும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடமாதலால் திருமுக்கூடல் எனப் பெயர் பெற்ற கிராமம் காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாற்றின் தென்கரையில் உள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அச்சாசனம், அக்கோயிலைச் சார்ந்து ஒரு பாடசாலையும், மாணாக்கர் விடுதியும், 15 நோயாளர் படுத்துக்கிடக்கத்தக்க ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலையும் நடைபெற்ற விவரங்களைத் தெளிவாகக் கூறுகின்றது. அவ்வாதுலர் சாலை ஊரார் யாவருக்கும் பொதுவாக ஏற்பட்டதன்று. பாடசாலை மாணாக்கருக்கும் கோயிற் பணியாளருக்குமே ஏற்பட்டது. எனினும் அதன் ஏற்பாடுகள் இக்காலத்தவரும் கவனிக்கத்தக்கவை.

மருந்து கொடுக்கும் வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை, அதாவது ரண சிகிச்சை, செய்பவர் ஒருவர், பச்சிலையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்வோர், நோயாளரைப் பராமரிக்கும் பெண்டிர், நாவிதர், தண்ணீர் கொணர்வார் என இத்தனை பேருக்கும் அச்சாசனத்தில் தனித்தனியே ஜீவிதம் விதிக்கப்பட்டிருக்கிறது. வைத்தியருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். ரண சிகிச்சை செய்பவருக்கு 30 கலம் நெல். நோயாளர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுதும் எரியும் விளக்கொன்றுக்கு எண்ணெய். ஓராண்டுக்கு வேண்டிய ஏறக்குறைய 20 வகை மருந்துகளின் பெயரும் அளவும் கூடக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

கிருமி என்பதொன்று கண்டறியப்படாத காலத்தில் எழுதப்பட்ட சாசனம் இது. ஆயினும் ஓர் உண்மையை அதை எழுதுவித்தோர் உணர்ந்திருந்தனர். கத்தி பிடிப்பவன் ஒருவனால் மட்டும் நோயாளி பிழைப்பதில்லை. தண்ணீர் கொணர்பவனும், விளக்கேற்றுபவனும், பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவளும் சேர்ந்தே அவனைப் பிழைப்பிக்கின்றனர். சிறு ரண சிகிச்சைக்குப் பின் உண்டாகும் சீழ்ப்பற்றை ஆராயுமிடத்து இவ்வுண்மையே மீண்டும் மீண்டும் புலனாகிறது.

சிறு சிகிச்சை என்பது யாது

கண்புரை எடுத்தல், ஆண் பெண் இருபாலார்க்கும் செய்யப்படும் கருத்தடைச் சிகிச்சை, கட்டியைக் கீறிச் சீழ் வெளிப்படுத்தல், வெட்டுக்காயத்துக்குத் தையலிடுதல், பல் பிடுங்குதல் முதலியன சிறு ரண சிகிச்சைகள் எனப்படும். இவை பெரும்பாலும் சிறிது நேரத்தில் முடிவன. நோயாளி அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். இவற்றுட் சில, தனி மனிதரின் நோய் தீர்ப்பதற்காக மட்டுமின்றி, பொதுஜன சுகாதார முயற்சியாகவும் ஊர்தோறும் நடத்தப்படுகின்றன.

சிகிச்சை சிறிதாயினும் தோல் அறுக்கப்படுகிறது. தோலோ உடம்பின் மதில். அம்மதிலில் ஒரு வாயில் திறக்கப்படும்பொழுது, வைத்தியர் கையிலோ, ஆயுதத்திலோ, நோயாளியின் தோலிலோ, கட்டும் துணியிலோ உள்ள கிருமிகள் உள்ளே புகுகின்றன. அவை அங்கே பெருகினால் புண் சிவந்து வீங்கிச் சீழ் கொள்ளும். இரத்தத்தில் பரவினால் உயிருக்கே அபாயம் நேரும். நோயில்லாதவரும் பெரிய துன்பமில்லாதவருமே கருத்தடைச் சிகிச்சை போன்றவற்றுக்கு வருகின்றனர் என்பதை நினைத்தல் வேண்டும். திடகாத்திரமாக நடந்து வந்தவர் சீழ்ப்பற்றால் மாண்டாரெனின், அது அவர் கொணர்ந்த நோயால் நேர்ந்ததன்று. அவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையின் குறையால் நேர்ந்ததாகும்.

கை கழுவிய கதை

1847ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் ஒரு விபரீதத்தைக் கண்டார். வைத்திய மாணாக்கர் பணி செய்த பகுதியில் தாய்மார் பிரசவ ஜுரத்தால் மிகுதியாக இறந்தனர். மருத்துவச்சிகள் பணி செய்த பகுதியில் இறப்பு குறைவாக இருந்தது. மாணாக்கர் பிணங்களை அறுத்துச் சோதித்துவிட்டு, அக்கையோடு தாய்மாரைத் தொடுவதே காரணமென அவர் துணிந்து, குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவியே உள்ளே வரவேண்டுமென விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 பேர் வீதம் இறந்த அப்பகுதியில், ஜூன் மாதத்தில் 2 பேர் வீதமே இறந்தனர். கத்தியும் மருந்தும் பழையனவே. மாறியது கை ஒன்றே. அக்காலத்து வைத்தியர் பலர் இதனை ஏற்க மறுத்தனர். 20 ஆண்டுகளுக்குப் பின், 1867இல், லிஸ்டர் என்பவர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணையும் ஆயுதத்தையும் சுத்தப்படுத்தும் முறையை வெளியிட்ட பின்னரே ரண சிகிச்சையில் தூய்மை ஒரு விதியாக வேரூன்றத் தொடங்கியது.

முல்கோவால் கிராமத்தில் நேர்ந்தது

பொதுஜன சுகாதார முயற்சியில் ஒரு சிறு கவனக்குறைவு எவ்வளவு கேடு விளைக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே பழைய சான்றொன்று உண்டு. 1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி, அக்காலப் பஞ்சாப் மாகாணத்து முல்கோவால் என்னும் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் சில நாட்களில் தனுர்வாதம் என்னும் ரணஜன்னியால் மாண்டனர். மற்றப் புட்டிகளிலிருந்து மருந்து பெற்றோருக்கு யாதொரு தீங்கும் இல்லை.

முதலில் தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்த ஹாஃப்கின் என்பவர்மீதே பழி சுமத்தப்பட்டது. அவர் பதவியினின்று விலக்கப்பட்டார். பின்னர் ஆராய்ந்தபொழுது, புட்டியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்ததும், அது நெருப்பில் காட்டப்படாமல் கார்பாலிக் நீரில் அலசப்பட்ட மாத்திரத்தில் மீண்டும் உபயோகிக்கப்பட்டதும் தெரியவந்தன. மலேரியா பரவும் வகையைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் அவருக்காக வாதாடினர். 1907இல் அவர்மீதிருந்த பழி நீங்கிற்று. ஆனால் மாண்ட 19 பேர் திரும்பவில்லை. தடுப்பூசியைப் பற்றிய அச்சமும் ஜனங்களிடையே எளிதில் அகலவில்லை.

தனுர்வாதக் கிருமியின் விதை மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. சாதாரணமாகக் கொதிக்கும் நீரிலும் அது சாவதில்லை. கீழே விழுந்த ஆயுதத்தை நீரில் அலசித் துணியால் துடைத்துவிட்டால் தீர்ந்தது என்னும் எண்ணம் எவ்வளவு தவறென்பதை இவ்வொரு நிகழ்ச்சியே காட்டும்.

முகாம்களின் அவசரம்

நூறாண்டு கழிந்த பின்னும் இவ்வகைத் துன்பம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமமொன்றில் நடந்த இலவச முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கண்புரைச் சிகிச்சை பெற்றவர்களுள் 66 பேர் சிகிச்சை செய்யப்பட்ட கண்ணின் பார்வையை இழந்தனர். பார்வை பெறுவோம் என நம்பிச் சென்ற ஏழை எளிய கிராமவாசிகள் அவர்கள். 2014ஆம் ஆண்டு நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலத்துப் பிலாஸ்பூர் அருகே, ஒரே வைத்தியர் ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்தார். அவர்களுள் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பிற்பாடு கொடுக்கப்பட்ட மாத்திரையில் நஞ்சு இருந்ததா, சீழ்ப்பற்றே காரணமா என்ற விவாதம் எழுந்தது. எதுவாயினும், அங்கு வேகத்துக்கு அளவில்லை என்பதில் விவாதமில்லை. ஒரு குழு ஒரு நாளில் 30 பேருக்கு மேல் சிகிச்சை செய்தலாகாது என்பது அரசாங்கமே ஏற்படுத்திய விதி. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய கருத்தடை முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தி, நிலையான சுகாதார நிலையங்களிலேயே சிகிச்சை நடைபெறச் செய்யுமாறு உத்தரவிட்டது.

அவசரம் எவ்வாறு கிருமிக்கு வழி திறக்கிறது என்பது எளிதில் விளங்கும். ஒருவருக்குப் பயன்படுத்திய ஆயுதத்தைக் கழுவி, உலர்த்தி, துணியிற் சுற்றி, ஆட்டோகிளேவ் என வழங்கும் நீராவி அழுத்தக் கலத்தில் 121 பாகை வெப்பத்தில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், சுமார் அரைமணி நேரம் வைத்தல் வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. இரண்டு மூன்று ஆயுதத் தொகுதிகளை வைத்துக்கொண்டு எண்பது பேரைக் கவனிக்க முற்பட்டால், சுத்தப்படுத்தும் நேரமே முதலில் பலியாகும். தண்ணீர் கொணர்பவருக்கும் விளக்கெரிப்பதற்கும் மானியம் விட்ட பழைய சாசனத்தின் கணக்கு இங்கே தவறிப்போகிறது.

ஆயினும் எண்ணிக்கை மிகுதியே தீங்கென்று கொள்ளலாகாது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கண்களுக்குச் சிகிச்சை செய்கின்றது. முகாம்களில் கண்ணைச் சோதிப்பதோடு நிறுத்தி, புரை உள்ளவரை ஆஸ்பத்திரிக்கே அழைத்துச் சென்று அங்குள்ள சிகிச்சை அறையில் அறுப்பது அதன் வழக்கம். சிகிச்சை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்னும் கிருமிநாசினி மருந்தைச் செலுத்துவதன் பயனை அங்கே 6 இலட்சத்துக்கு மேற்பட்ட கண்களில் கணக்கிட்டு, 2017இல் வெளியிட்டனர். மருந்து செலுத்தாதபோது 10,000 கண்களுக்கு 7 கண்களில் சீழ்ப்பற்று உண்டாயிற்று; செலுத்தியபோது 2 கண்களாகக் குறைந்தது. ஒழுங்கும் கணக்கும் உள்ள இடத்தில் பலருக்கும் பத்திரமாகச் சிகிச்சை செய்யலாம் என்பதற்கு இது அத்தாட்சி.

சிகிச்சைக்கு முன் செய்யவேண்டுவன

முதலாவது, நீரிழிவுள்ளவர் அதனை மறைக்காமல் வைத்தியரிடம் கூறல் வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பின் புண் எளிதில் ஆறாது. கிருமியும் விரைவிற் பெருகும். புகை பிடிப்போர் சில வாரங்களுக்கு முன்பே அதனை விட்டுவிடுதல் நலம். தோலில் சிரங்கோ, பல்லில் சீழோ, கண்ணில் பீளையோ, ஜுரமோ இருப்பின் அவை நீங்கிய பின்னரே சிகிச்சை செய்துகொள்ளுதல் தகும்.

இரண்டாவது, சிகிச்சைக்கு முந்திய நாளோ அன்று காலையிலோ சோப்பிட்டுக் குளித்து, வெளுத்த உடையணிந்து செல்லல் வேண்டும்.

மூன்றாவது, ரோமத்தை வீட்டில் சவரக் கத்தியால் மழித்துக்கொண்டு செல்லலாகாது. முற்காலத்து ஆதுலர் சாலையில் நாவிதருக்கும் இடமிருந்தது. இன்றோ, சவரக் கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கி, அவற்றிற் கிருமி தங்க இடந்தருகிறது எனக் கண்டறிந்திருக்கின்றனர். ஆகையால் ரோமத்தை நீக்காமலே விடுதல் வேண்டும் அல்லது இன்றியமையாதபோது கத்தரிக்கும் கருவியால் மட்டும் குறைத்தல் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் வெளியிட்ட விதிகள் கூறுகின்றன.

நான்காவது, கிருமியைக் கொல்லும் மருந்து தேவைப்படும் சிகிச்சைகளில், அதனை அறுப்பதற்கு முந்திய 2 மணி நேரத்துக்குள் கொடுத்தல் வேண்டுமென்று அவ்விதிகளே கூறுகின்றன. அறுத்த பின் பல நாட்கள் மாத்திரை விழுங்குவதால் காப்பு மிகுவதில்லை. மருந்துக்கு அஞ்சாத கிருமிகளே வளர்கின்றன. தூய்மைக் குறைவை மாத்திரையால் ஈடு செய்ய இயலாது. ஆனால் வைத்தியர் ஒரு காரணங்கருதி மருந்து கொடுத்திருப்பாராயின், அதனைப் பாதியில் நிறுத்தலும் கூடாது.

வீடு திரும்பிய பின்

ஆஸ்பத்திரியில் எவ்வளவு கவனமாயிருந்தாலும், வீட்டில் ஒரு நாளிற் கெடுத்துக்கொள்ளலாம். தையலிட்ட புண்ணின் மேல்வாய் பெரும்பாலும் இரண்டு நாட்களில் ஒட்டிக்கொள்ளும். அதுவரையில் கட்டை அவிழ்க்காமலும் நனைக்காமலும் இருத்தல் வேண்டும். பின்னரும் சோப்பால் கை கழுவிய பிறகே புண்ணைத் தொடல் வேண்டும். ஆறு, குளம், ஏரி நீரில் புண் ஆறும்வரை இறங்கலாகாது.

சாம்பல், சாணம், சுண்ணாம்பு, காப்பித்தூள், புகையிலை, பச்சிலைச் சாறு இவற்றைப் புண்ணில் அப்பும் வழக்கம் சில இடங்களில் இன்னும் ஒழியவில்லை. பெரியோர் நன்மை கருதியே இதனைச் செய்கின்றனர். ஆனால் தனுர்வாதத்துக்கு இதைவிட நேரான வழி வேறில்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் 2007 முதல் ஆடவர்க்கு ஒரு சிறு சிகிச்சை பெருந்திரளாகச் செய்யப்பட்டு வருகிறது. அங்கும் புண்ணில் சாணம் முதலியவற்றை அப்பிய சிலருக்குத் தனுர்வாதம் கண்டு இறப்பு நேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பச்சிளங் குழந்தைகளின் தொப்புட்கொடி வழியாக வந்த தனுர்வாதம், கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் குறைந்து, 2015இல் ஒழிக்கப்பட்டதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அதே தடுப்பூசி 10, 16 வயதுச் சிறுவருக்கும் அரசாங்க நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. வளர்ந்தோரும் சிகிச்சைக்கு முன் அதனைப்பற்றி விசாரித்துக்கொள்வது நலம்.

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஊர்களிலுள்ள நெசவாளர்க்கு ஒரு சொல். குழித்தறியில் இறங்கி அமர்ந்து மிதிப்பவர்க்கு, இடுப்பும் தொடையும் நெடுநேரம் மடங்கியிருக்கும். குழியின் ஈரமும் தூசியும் காலைத் தொடும். கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்டவரும், காலில் தையலிட்டவரும் வைத்தியர் குறித்த நாள்வரை தறியிலிறங்கலாகாது. சாயத் தொட்டியில் கையிடுபவர், கையிற் புண்ணிருக்குமாயின் அது ஆறும்வரை வேறு வேலை பார்த்தல் வேண்டும். உழவருக்கும் சேற்றைக் குறித்து இதுவே விதி.

கீழ்க்கண்ட குறிகளுள் ஒன்று தோன்றினும் தாமதியாமல் சிகிச்சை செய்த இடத்துக்கே திரும்பல் வேண்டும்: நாளுக்கு நாள் குறையவேண்டிய வலி மூன்றாம் நாளுக்கு மேல் மிகுதல், புண்ணைச் சுற்றிச் சிவப்பும் வெப்பமும் பரவுதல், சீழோ துர்நாற்றமோ வருதல், ஜுரமும் நடுக்கமும் காணல். கண்ணில் சிகிச்சை செய்தவருக்கு வலியும் சிவப்பும் மிகுந்து பார்வை மங்குமாயின் ஒரு மணி நேரமும் வீணாக்கலாகாது. தாடை இறுகி வாய் திறவாமை தனுர்வாதத்தின் முதற்குறி. அது பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டிய அபாயம். சீழ்ப்பற்று ஒரு மாதத்துக்குள் எந்நாளும் தோன்றலாம் என்பதையும் மறத்தலாகாது.

சங்கங்கள் செய்யத்தக்க பணி

ஏழைக் கிராமவாசி வைத்தியரிடம் கேள்வி கேட்க நாணுகிறார். இலவசமாகக் கிடைப்பதைப்பற்றிக் கேட்பது நன்றியின்மை என்றும் எண்ணுகிறார். ஒருவர் கேட்கத் தயங்குவதைச் சங்கம் கேட்கலாம். கடனும் விதையும் நூலும் தருவதோடு ஐக்கிய சங்கத்தின் கடமை முடிவதில்லை. அங்கத்தினரின் உடல் நலமே சங்கத்தின் மூலதனம். தறியிலோ ஏரிலோ ஒரு மாதம் கைவைக்க இயலாத அங்கத்தினரால் கடனைத் தவணைப்படி செலுத்த முடியுமா?

ஊரில் முகாம் ஏற்படும்பொழுது நிர்வாகிகள் முன்னரே சென்று சிலவற்றை விசாரித்தல் தகும். சிகிச்சை எங்கே நடைபெறும்? ஒரு நாளில் எத்தனை பேருக்கு? ஒவ்வொருவர்க்கும் வேறு வேறு சுத்தமான ஆயுதத் தொகுதி உண்டா? நீராவிக் கலம் எங்குள்ளது? ஓடும் தண்ணீரும் சோப்பும் உண்டா? பின்னர் யாதேனும் நேர்ந்தால் இரவிலும் யாரை அணுகுவது? பள்ளிக்கூடத்திலோ சத்திரத்திலோ அறுப்பதாகச் சொன்னால், நிலையான ஆஸ்பத்திரியிலேயே செய்யுமாறு வேண்டிக்கொள்ளல் வேண்டும். நல்ல வைத்தியர் இக்கேள்விகளால் கோபங்கொள்ளார், மகிழ்ச்சியே கொள்வார்.

சிகிச்சை செய்துகொண்டோர் பெயரைச் சங்கத்தில் ஒரு சிறு புத்தகத்தில் எழுதிவைத்து, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஓர் அங்கத்தினர் அவர் வீட்டுக்குச் சென்று பார்த்துவரலாம். பெண்களைப் பெண் அங்கத்தினரே காணல் நலம். இரவில் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வண்டிச்சத்தம் இல்லாமையால் விடியும்வரை பொறுத்து உயிரிழந்தோர் உண்டு. ஆகையால் பொதுநல நிதியிலிருந்து அதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கிவைத்தல் பயன் தரும். ஒருவர்க்கன்றி இருவர் மூவர்க்குச் சீழ்ப்பற்று உண்டாகுமாயின், அதனை மூடி மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். முல்கோவாலில் காரணம் வெளிப்படப் பல ஆண்டுகள் சென்றன. விரைவில் அறிவித்தால் அடுத்தவரைக் காக்கலாம்.

ஒன்று மட்டும் கூடாது. இவற்றைப் படித்து அஞ்சிச் சிகிச்சையையே தள்ளுதல் அறிவுடைமையாகாது. புரை மூடிய கண்ணோடு வீட்டு மூலையிலிருந்து காலங்கழிக்கும் முதியோர் கிராமங்களில் இன்றும் உளர். அரைமணி நேரச் சிகிச்சையால் அவருக்குப் பார்வை திரும்பும். கட்டியைக் கீறாமல் விடுவதாலும் உயிர்ச்சேதம் உண்டு. அச்சத்தைப் போக்குவது சொல்லன்று; முறைப்படி நடந்த சிகிச்சையொன்றே அச்சத்தைப் போக்கும். நலமாகத் திரும்பிய ஒருவர் பத்துப் பேரை அழைத்துச் செல்வார். சீழோடு திரும்பிய ஒருவர் நூறு பேரைத் தடுத்துவிடுவார்.

திருமுக்கூடல் ஆதுலர் சாலை மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அதன் மருந்துப் பட்டியலில் இக்காலத்துக்கு ஒவ்வாதன பல இருக்கலாம். ஆனால் வைத்தியரோடு தண்ணீருக்கும், விளக்குக்கும், பார்த்துக்கொள்ளும் கைக்கும் முன்கூட்டியே கணக்கெழுதி வைத்த அவ்வேற்பாடு இன்றும் ஒவ்வும். அக்கணக்கை இந்நாளில் எழுதவேண்டியவர் அரசாங்கத்தாரும் வைத்தியரும் மட்டுமல்லர்; ஒவ்வொரு கிராமத்துச் சங்கத்தாரும் ஆவர்.